கடல் இல்லாத ஊரின் மீன்காரன்

சுவிஸ் நாட்டின் சூக் நகரில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ரெஸ்டோரண்டில் இருபத்தொரு வருடமாக மீன் வெட்டுகிறேன். காலையில் மீன் பெட்டி வந்ததும் செஃப் அதை என் முன்னால் வைத்து மூடியைத் திறப்பார். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். வயிற்றில் விரலை அழுத்திப் பார்ப்பேன். பிறகு தலையை ஆட்டுவேன். நான் ஆட்டிய பிறகுதான் அவர் பெட்டியோடு வந்த ரசீதுத் துண்டில் கையெழுத்துப் போடுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னைக் காட்டி, “இவன்ரை அப்பா இந்து சமுத்திரத்திலை மீன் பிடிச்சவர்” என்று சொல்லுவார். அவர் பேசுவது சுவிஸ் ஜெர்மன். எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன்.

என் அப்பா மீன் பிடித்தவர் இல்லை. நானும் பிடித்ததில்லை.

வேலை கேட்டுப் போன அன்று கோப்பை, தட்டுக் கழுவுவதற்கு ஏற்கனவே ஆள் எடுத்துவிட்டார்கள். மீன் வெட்டத்தான் ஆள் தேவைப்பட்டது. செஃப் என் அகதி அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சிறிலங்காவோ? தீவல்லோ. உன்ரை அப்பா மீன் பிடிக்கிறவரோ?” நான் ஓம் என்றேன். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கித்தான் ஓம் என்றேன்.

எங்கள் ஊர் சுன்னாகம் பக்கம். சிவந்த மண், ஆழமான கிணறு. கடலைப் பார்க்க வேண்டுமானால் சைக்கிளில் போக வேண்டும். மீன் கொண்டு வருகிறவர் வாசல் படலைக்கு வெளியே நின்றுதான் கூப்பிடுவார். உள்ளே வரச் சொல்ல மாட்டோம். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் வேலைக்காக மீனவர் மகன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை. கலியாண வீடுகளில், கோயிலில் யாராவது கேட்டால் என் மனைவி, “இவர் கிச்சினிலை” என்பாள். எதை வெட்டுகிறேன் என்பதை அவள் சொன்னதில்லை. எல்லா இடத்திலும் ஒரு பாதியை மறைத்து வைத்திருந்தேன். எனக்கு வாய் குறைவு. அதனால் மறைப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

இந்த வருடம் மார்ச் முடிவில் செஃப் ஓய்வு பெறுகிறார். ஜனவரியில் ஒருநாள் பெட்டியை மூடும்போது சொன்னார்:

“வள்ளம் ஒண்டு கிடைச்சிருக்கு. என்ரை மாமன்ரை மகன் வயது போய் விட்டிட்டான். ஏரியிலை கட்டி வைக்க இடமும் இருக்கு. நீயும் நானும் போவம்.”

“எங்கை?”

“மீன் பிடிக்க. வேறை எங்கை? நாப்பது வருஷம் மீன் பொரிச்சனான். ஒண்டைக்கூடப் பிடிச்சதில்லை. தூண்டிலை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டும் தெரியாது. உனக்குத் தெரியுந்தானே.”

பெர்னில் பெப்ரவரியில் மீன்பிடி, வேட்டை, சுடுதல் எல்லாவற்றுக்குமாக ஒரு பெரிய கண்காட்சி நடக்கும். அங்கே போய்ச் சாமான்கள் வாங்கலாம் என்றார். “நீ தெரிஞ்செடு. நான் சுமந்துகொண்டு வாறன்.”

இனி ஒளிக்க முடியாது என்று அப்போதே தெரிந்தது. சமையலறையில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலையாட்டிவிடலாம். வள்ளத்தில் எங்கே போய் நிற்பது? என் சொல்லை நம்பி அவர் ஒரு தூண்டில் தடியை வாங்குவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ரயிலில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

லூட்சேர்ன் வரைக்கும் சொல்லவில்லை. அங்கே ரயில் மாறினோம். சுர்சே தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன். அப்போது அவர் கடதாசிப் பையில் இருந்து பிறை மாதிரி வளைந்த இரண்டு கிப்ஃபெல் பணிஸ் எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்ததாகவும் இந்த வள்ளம் வந்த பிறகு பரவாயில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு கிப்ஃபெல்லை மட்டும் சாப்பிட்டேன்.

கண்காட்சி மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் துவக்குகள் இருந்தன. பச்சைத் தொப்பி போட்ட வேட்டைக்காரர்கள், காலடியில் பேசாமல் படுத்திருக்கும் நாய்கள், சுவர் முழுக்க மான் கொம்புகள். ஒவ்வொரு கொம்பின் கீழும் சின்ன அட்டையில் எண் எழுதியிருந்தது. மேசைகளில் வரிசையாகத் துவக்குகளை அடுக்கியிருந்தார்கள். ஆட்கள் மண்வெட்டி பார்ப்பதுபோல் அவற்றை எடுத்து நிறை பார்த்தார்கள், தோளில் வைத்துக் கூரையை நோக்கிக் குறி பார்த்தார்கள், திருப்பி வைத்தார்கள். ஊரில் ஆமியின் துவக்கைக் கண்டால் கைகளை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். இங்கே நான் கைகளை ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மேசையில் இருந்தவர் என்னிடம் ஒன்றை நீட்டி, “பிடிச்சுப் பாருங்கோவன்” என்றார். சிரித்துவிட்டுத் தாண்டிப் போனேன். மனதில் ஒன்றும் வரவில்லை. பழைய பயம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

மீன்பிடிப் பகுதி அடுத்த மண்டபத்தில். நடுவில் நீளமான தண்ணீர்த் தொட்டி. அதன் கரையில் நின்று ஒருவர் தங்கூசி நூலை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் மீன் புகை போடும் மணம். மற்ற எல்லாப் பக்கமும் தடிகள். ஆயிரம் தடியாவது இருக்கும். மெல்லியது, மொத்தமானது, மூன்று துண்டாகக் கழற்றுவது, குடை மாதிரி மடக்குவது. என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் இவ்வளவு தடிகளை நான் கண்டதில்லை. ஒன்றிலும் எனக்கு ஒன்றும் தெரியாது.

“தொடங்கு” என்றார் செஃப்.

பக்கத்தில் ஒரு வயதானவர் தடி பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பக்கத்தைக் கையில் பிடித்து, நுனியை மேலே நீட்டி, இரண்டு தரம் மெதுவாக ஆட்டி, கண்ணைச் சுருக்கி நுனி நடுங்குவதைப் பார்த்தார். நான் ஒரு தடியை எடுத்து அதே மாதிரி இரண்டு தரம் ஆட்டினேன். கண்ணைச் சுருக்கினேன். திருப்பி வைத்துவிட்டுத் தலையை இடம் வலமாக ஆட்டினேன். செஃப் மரியாதையோடு பார்த்தார். அடுத்ததையும் வேண்டாம் என்றேன். அதன் பிடி மஞ்சளாக இருந்தது. எனக்கு மஞ்சள் பிடிக்காது. மூன்றாவது நல்ல நீளம். கறுப்பு நிறம். ஆட்டும்போது காற்றில் சத்தம் வந்தது. இதுவாக இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.

செஃப் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு நூல் சுற்றும் உருளை ஒன்றை நீட்டினார். கைப்பிடியைச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டேன். ஊரில் அப்பா தண்ணீர் இறைக்கும் மெஷினை அப்படித்தான் கேட்பார். அதற்கும் தலையாட்டினேன். அத்தாங்கு மாதிரி ஒரு கைவலை, தூண்டில் முள் இரண்டு பெட்டி, ஈயக்கட்டிகள். எல்லாம் செஃபின் கையில் சேர்ந்துகொண்டே போயிற்று. அவருடைய முகம் சிவந்து சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்கு இப்போது முந்தியதைவிடக் கஷ்டமாகிவிட்டது.

பணம் கட்டும் மேசையில் இருபத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் நின்றாள். கடையின் பச்சை மேற்சட்டை போட்டிருந்தாள். தலைமயிரைக் கட்டி, காதுக்கு மேலே பென்சில் செருகியிருந்தாள். செஃபின் கையில் இருந்ததைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அங்கிள் தமிழோ?”

“ஓம்.”

“இது ஆருக்கு? அவருக்கோ?”

“ஓம்.”

“எங்கை பிடிக்கப் போறியள்?”

“சூக் ஏரியிலை. வள்ளத்திலை.”

அவள் தடியை வாங்கி நிலத்தில் ஊன்றிப் பார்த்தாள். அவளைவிட இரண்டு மடங்கு உயரம்.

“அங்கிள், இது கடற்கரையிலை நிண்டு தூரத்துக்கு எறியிற தடி. இதை வள்ளத்துக்கை வைச்சியள் எண்டால் உங்கள் ரெண்டு பேரிலை ஒராள் தண்ணிக்கைதான் நிக்க வேணும்.”

செஃப் என்னைப் பார்த்து, “என்ன சொல்லுறாள்?” என்றார். அவள் ஜெர்மனில் ஏதோ விளக்கத் தொடங்கினாள். அவர் இடைமறித்தார். “பரவாயில்லை, இவர் எக்ஸ்பெர்ட். இவரின்ரை குடும்பமே மீன்பிடிதான்.”

அவள் மறுபடியும் தமிழுக்கு வந்தாள். “அப்பிடியோ? ஊரிலை எந்த இடம்? எங்கடை அப்பா மயிலிட்டி.”

“சுன்னாகம்.”

“சுன்னாகமோ?” பென்சிலை எடுத்து மீண்டும் செருகினாள். “அங்கை கடல் இல்லையே. சுன்னாகம் ஆக்கள் சந்தையிலை மீனுக்கு விலை பேசுறதிலை கெட்டிக்காரர் எண்டு அப்பா சொல்லுவார். பிடிக்கிறதைப் பற்றி ஒண்டும் சொன்னதில்லை.”

அதில் நக்கல் இருந்தது, பகை இல்லை. இங்கே பிறந்த பிள்ளை. மீன்பிடிக்கிற மயிலிட்டிக் கரையில் பிறந்தவரின் மகள் என்பதை ஒருவரிடம் சொல்லக் கூசவேண்டும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

“எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, பிள்ளை” என்றேன்.

“அப்ப இவர் சொல்லுறார்?”

“இருபத்தொரு வருஷமாச் சொல்லுறார்.”

“ஐயோ அங்கிள்!” கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “நான் சொல்லட்டோ அவருக்கு?”

“வேண்டாம். நானே சொல்லுறன்.”

சொன்னேன். ஜெர்மனில் பொய் சொல்லுவதைவிட உண்மை சொல்லுவதற்குச் சொற்கள் அதிகம் தேவைப்பட்டன. என்னிடம் இருந்தவை போதவில்லை. “என்ரை அப்பா மீனவர் இல்லை. தோட்டம் செய்தவர். வெங்காயம், புகையிலை. நான் ஒரு மீன்கூடப் பிடிச்சதில்லை. வேலை வேணும் எண்டு அண்டைக்கு ஓம் எண்டனான்.”

அவர் கையில் இருந்தவற்றை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். ஈயக்கட்டிகளைக் கடைசியாக வைத்தார்.

“நீ சொல்லி நான் மீன் பெட்டியைத் திருப்பி அனுப்பினனான். எத்தினை தரம்? மீன் கொண்டு வாற ஆளோடை சண்டையும் பிடிச்சனான்.”

“அந்த மீன் பழசுதான். அது பொய்யில்லை.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“கோப்பையைப் பாத்து.”

அவருக்கு விளங்கவில்லை. விளக்க வேண்டி வந்தது. முதல் இரண்டு வருடம் மீன் வெட்டி முடிந்ததும் நான் கோப்பை கழுவும் இடத்திலும் நிற்பேன். திரும்பி வரும் சாப்பாட்டுத் தட்டுகளைப் பார்ப்பேன். தோலும் முள்ளும் மட்டும் மிஞ்சியிருந்தால் மீன் நல்லது. பாதி மிஞ்சி, அதன் மேல் கைதுடைக்கும் கடதாசியை விரித்து மூடியிருந்தால் மீன் சரியில்லை. இங்கத்தைய ஆட்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். “நன்றாக இருந்தது” என்று சொல்லிவிட்டுக் கடதாசியால் மூடிவிடுவார்கள். காலையில் அந்த மீனின் கண் எப்படி இருந்தது, செவுள் என்ன நிறம் என்று யோசித்துப் பார்ப்பேன். அப்படித்தான் பழகினேன்.

அவர் நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டார். பிறகு, “நான் கொஞ்சம் நடந்திட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுத் துவக்கு மண்டபத்தின் பக்கம் போனார்.

நான் தண்ணீர்த் தொட்டியின் அருகே இருந்த நீண்ட மர வாங்கில் போய் உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் ஆயிற்று. அடுத்த மண்டபத்தில் இருந்து காற்றுத் துவக்குச் சுடும் சத்தம் டப், டப் என்று கேட்டது. எங்கள் இருவருடைய ரயில் சீட்டும் அவருடைய பையில் இருந்தது. அவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டால் நான் வேறு சீட்டு எடுத்துத் தனியாகப் போக வேண்டும். அது பெரிய காரியமில்லை. திங்கட்கிழமை காலை அவர் பெட்டியை எங்கே வைப்பார் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் அந்தப் பெண் என்னைக் கடந்து போகும்போது, “என்ன அங்கிள், ஆள் ஓடிட்டாரோ? துவக்கு வாங்கத்தான் போயிருக்கிறார் போலை” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

செஃப் திரும்பி வந்தபோது கையில் சொசேஜ் இருந்தது. ஒன்றுதான் வாங்கியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பாதியைச் சாப்பிட்டார். பிறகு கேட்டார்:

“வெட்டுறதை ஆர் காட்டித் தந்தது? முதல் நாளே நீ முள்ளில்லாமல் வெட்டினனி. நான் பாத்தனான். அது கோப்பை பாத்து வாறதில்லை.”

அதற்கும் பதில் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவரிடம் சொன்னேன்.

நான் அகதி முகாம் வீட்டில் இருந்த காலத்தில் என் அறையில் குருநகரைச் சேர்ந்த ஒருவன் இருந்தான். பரம்பரையாகக் கடலில் போகிற குடும்பம். வேலைக்கு ஓம் சொல்லிவிட்டு வந்த அன்று பின்னேரம் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கடைக்குப் போய் நான்கு மீன் வாங்கி வந்து, பொதுச் சமையலறையில் என் கைக்கு மேல் தன் கையை வைத்து வெட்டப் பழக்கினான். கத்தி எங்கே இறங்க வேண்டும், முள் எந்த இடத்தில் திரும்பும் என்று காட்டினான். வெட்டிக்கொண்டே தகப்பனைப் பற்றிக் கதைப்பான். புயலில் தகப்பன் வள்ளத்தோடு காணாமல் போய் மூன்றாம் நாள் வேறு ஊர்க் கரையில் இறங்கி, அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்த கதை. மீனைக் கூறு போட்டு ஏலம் விடும்போது தகப்பன் கண்ணைச் சிமிட்டியே விலை சொல்லுவாராம். அந்தக் கதைகளை எல்லாம் நான் சமையலறையில் சொல்லியிருக்கிறேன். என் அப்பாவின் கதைகளாகச் சொல்லியிருக்கிறேன். செஃப் கேட்பார், நான் சொல்லுவேன். வாய் குறைந்த நான் நீளமாகக் கதைத்தது அந்தக் கதைகளை மட்டும்தான்.

செஃப் சொசேஜைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்தார்.

“தேத்தண்ணிக் கதையும் அவன்ரையோ?”

“ஓம்.”

“அப்ப நீ வேலையைக் களவெடுக்கேல்லை. ஒருத்தன்ரை தகப்பனைக் களவெடுத்திருக்கிறாய்.”

நான் தொட்டியின் பக்கம் திரும்பினேன். அவர் மறுபடியும் கேட்டார்:

“ஆள் இப்ப எங்கை?”

“ஷ்லீரனிலை. கட்டடம் துப்புரவாக்கிற வேலை.”

“போன் எடு.”

“எதுக்கு?”

“எந்தத் தடி வாங்கிறதெண்டு கேள். உண்மையான மீன்காரன் ஒருத்தனையாவது கேப்பம்.”

முடியாது என்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்டார். மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டை மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்தோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால். அழைப்பிதழ் எழுதும்போது அவன் பெயரை நான்தான் முதலில் எழுதினேன். மனைவியின் தமையன் அதைப் பார்த்துவிட்டு, “அவை வந்தால் எங்கடை ஆக்கள் என்ன சொல்லுவினம்?” என்று கேட்டார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த அழைப்பிதழை அனுப்பவில்லை. ஊரெல்லாம் வந்த கொண்டாட்டத்துக்குத் தான் மட்டும் அழைக்கப்படவில்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. செஃபுக்கு இதை எப்படி விளக்குவது? “கொண்டாட்டத்துக்கு நான் அவனைக் கூப்பிடேல்லை. அவன் மீன்பிடிக்கிற குடும்பம் எண்டதாலை” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ மீன்பிடிக்கிற குடும்பம் எண்டுதானே நான் உன்னை வேலைக்கு எடுத்தனான்” என்றார்.

போனை எடுத்தேன். இலக்கத்தை அழிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாவது மணியில் எடுத்தான்.

“ஆர்?”

“நான்தான்.”

“எந்த நான்தான்?” என்று கேட்டான். ஆனால் குரல் பிடிபட்டுவிட்டது என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது. “ஓ. உயிரோடையோ இருக்கிறாய்? நல்லது. சாமத்தியவீட்டுக் காட் தபாலிலை வருதாக்கும் எண்டு ஒன்பது வருஷமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். இந்தத் தபால்காரரை நம்பேலாது, என்ன?”

“மச்சான்…”

“அந்தச் சொல்லை விடு. விஷயத்தைச் சொல்லு. ஆரும் செத்துப்போயிட்டினமோ?”

“இல்லை. நான் பெர்னிலை நிக்கிறன். மீன்பிடிச் சாமான் கண்காட்சி. என்ரை செஃப் பக்கத்திலை இருக்கிறார்.”

“நீயோ? மீன்பிடியோ?”

“அவருக்கு இண்டைக்குத்தான் உண்மையைச் சொன்னனான். உன்ரை அப்பாவின்ரை கதை எல்லாத்தையும் என்ரை அப்பாவின்ரை கதை எண்டு சொல்லி வைச்சிருந்தனான். இருபத்தொரு வருஷமா.”

அந்தப் பக்கத்தில் வெறும் மண்டபத்தில் வாளி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“என்ரை அப்பர் உன்ரை அப்பரோ?” என்றான். “உன்ரை மனிசியின்ரை தமையனுக்கு இது தெரியுமோ? ஆள் தீட்டெண்டு குளிச்சுப்போட்டு வந்துதான் உன்னோடை கதைப்பார்.” சிரித்தான். அந்தச் சிரிப்பு வேறு எதற்கோ இடம் விடாமல் அவசரமாக வந்த சிரிப்பு. “அப்பர் செத்தும் நாலு வருஷமாச்சு. அதுக்கும் நீ வரேல்லை.”

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியும். முகநூலில் படம் பார்த்தேன். மாலை போட்ட படம்.

“தெரியும்” என்றேன். “வந்திருக்க வேணும்.”

செஃப் என் முழங்கையைத் தட்டி, “தடி, தடி” என்றார்.

“செஃப் கேக்கிறார், ஏரி மீனுக்கு எந்தத் தடி நல்லதெண்டு.”

“எனக்கென்ன தெரியும்? நாங்கள் வலைக்காரர். தூண்டிலாலை பிடிக்கிறவன் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவன் எண்டு அப்பர் சொல்லுவார். அந்தக் கதையை உன்ரை செஃபுக்குச் சொல்லேல்லையோ?”

செஃபிடம் திரும்பி, “அவனுக்கும் தெரியாதாம்” என்றேன்.

செஃப் கொஞ்ச நேரம் மண்டபத்தைப் பார்த்தார். ஆயிரம் தடியையும் பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்தப் பெண்ணோடு கதைத்து ஒரு கடதாசியோடு வந்தார். தடியை முதலில் வாங்க வேண்டாம், வகுப்புக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை வகுப்பு. மீனை எப்படிப் பிடிப்பது, பிடித்ததை நோகாமல் எப்படிக் கொல்லுவது, எந்த மீனை எந்த மாதத்தில் தொடக்கூடாது என்று எல்லாம் சொல்லித் தருவார்கள். முடிவில் சோதனை. ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்க அனுமதி அட்டை எடுப்பதானால் அந்தச் சான்றிதழ் வேண்டும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். சோதனை என்றதும் வாங்கில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். செஃப் அதைக் கண்டுகொண்டார். “சரியான பதிலுக்குப் புள்ளடி போடுறதுதான். உனக்கு நான் வாசிச்சுக் காட்டுறன்” என்று சொல்லி இரண்டு பெயரையும் எழுதினார். மூன்றாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “வள்ளத்திலை மூண்டு பேர் இருக்கலாம். கேள் அவனை.”

போன் இன்னும் காதில்தான் இருந்தது.

“வள்ளத்திலை மூண்டாவது ஆளுக்கு இடம் இருக்கு. நீயும் வாறியோ எண்டு…”

“ஆர் கேக்கிறது? நீயோ, உன்ரை செஃபோ?”

செஃபின் பேனா கடதாசிக்கு மேல் அப்படியே நின்றது. தொட்டியில் யாரோ வீசிய ஈயம் தண்ணீரில் விழுந்தது.

“நான்தான் கேக்கிறன்.”

“போனிலை கேட்டால் வரமாட்டன். ஒன்பது வருஷத்துக்குப் போன் காணாது. வீட்டை வா. வந்திருந்து கேள். உன்ரை மனிசியையும் கூட்டிக்கொண்டு வா. எங்கடை வீட்டிலை சாப்பிட்டிட்டுப் போங்கோ. பிறகு யோசிக்கிறன்.”

அவன் ஏன் சாப்பாட்டைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு வருவது ஒன்று, கை நனைப்பது இன்னொன்று. ஒருவர் வீட்டில் போய் இருந்து கதைத்துவிட்டு, தேத்தண்ணியையும் வேண்டாம் என்று சொல்லி எழும்பி வரலாம். அப்படி வந்தவர்கள் பலரை அவன் குடும்பம் பார்த்திருக்கும்.

“அடுத்த ஞாயிறு வாறன்” என்றேன்.

“நீ மட்டுமோ?”

“ரெண்டு பேரும்.”

போனை வைத்துவிட்டான். மூன்றாவது வரியைச் செஃப் வெறுமையாக விட்டு, கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடையில் ஒன்றும் வாங்கவில்லை. அந்தப் பெண் நான் தேர்ந்தெடுத்த நீளத் தடியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ச் சாத்தினாள். திரும்பி வரும் ரயிலில் செஃப் அதிகம் கதைக்கவில்லை. என்னோடு கோபமா என்று கேட்டேன். “ஓம்” என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “தெரியேல்லை. நான் ஒருத்தரோடையும் இப்பிடிக் கோவிச்சதில்லை” என்றார். சூக்கில் இறங்கியதும் கை தந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மீனவர் மகன் என்று நான் சொன்னதில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை வரை. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நான் அவளிடம் இவ்வளவு நீளமாகக் கதைத்திருக்க மாட்டேன். அவள் கழுவிய அரிசியையே மறுபடியும் கழுவினாள்.

“சாப்பிடவும் வேணுமாமோ?” என்றாள்.

“ஓம்.”

“அண்ணை அறிஞ்சால்?”

“அறியட்டும்.”

தண்ணீரை வடித்தாள். கையைச் சேலைத் துணியில் துடைத்துக்கொண்டு மேல் அலுமாரியைத் திறந்தாள். பிறகு மூடினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் வீட்டுக்காரர் குப்பைப் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும்வரை அங்கேயே நின்றாள்.

“அவைக்கு எத்தினை பிள்ளையள்?” என்று கேட்டாள்.

“ரெண்டு. இப்ப வளந்திருப்பினம்.”

“செத்த வீட்டுக்கும் போகேல்லை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “வெறுங்கையோடை போகேலாது. சனிக்கிழமை மாவும் சீனியும் வாங்கிக்கொண்டு வாங்கோ. பயத்தம் பணியாரம் சுடுவம்.”